கேட்டில் நின்றுபோன சேலைத் துண்டு

போன செவ்வாய்க்கிழமை ஜெயிலுக்குப் போனேன். பதறாதீர்கள்... பார்க்கத்தான்!

எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ராசாத்தி, வாழவந்தி ஊர்க்காரர். வேலித் தகராறில் அவருடைய தங்கை செல்வியை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். பார்க்க மனு எழுதித் தரவேண்டும், துணைக்கு வாருங்கள் என்றார். இருவரும் பஸ் பிடித்து மலையிறங்கினோம். எந்தச் சிறை என்பது இங்கே வேண்டாம்.

"செல்வி வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டேன்.

"அவருக்கு வெக்கமா இருக்குதாமுங்க."

கணவன் உள்ளே போனால் மனைவி வாரம் தவறாமல் வாசலில் நிற்கிறாள். மனைவி உள்ளே போனால் மட்டும் இந்த வெட்கம் எங்கிருந்துதான் வருகிறதோ!

ராசாத்தியின் பையில் ஆரஞ்சு, பிஸ்கட். அடியில் துவைத்து மடித்த பழைய காட்டன் சேலைத் துண்டுகள். செல்விக்கு மாதவிலக்கு நாள். இடுப்பில் செருகிக்கொள்ள வசதியாக, வழக்கம்போல நீளநீளமாகக் கிழித்திருந்தார்.

கேட்டில் இருந்த பெண் காவலர் அதை மட்டும் எடுத்து வெளியே வைத்தார்.

"இத்தன நீளம் உள்ள உட முடியாதுங்க. கவுறாட்டம் ஆயிரும், யாராச்சும் தூக்கு மாட்டிக்கிட்டா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிறையில் இருக்கும் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகத் தரவேண்டும் என்று உலக நாடுகள் சேர்ந்தே விதி எழுதியிருக்கின்றன, தெரியுமா — என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன்.

"தெரியுமுங்க மேடம். ஸ்டாக் வரோணுமே... நாங்களும் எழுதிப் போட்டுட்டேதான் இருக்கறோம்."

நான் அடுத்த பாயிண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, ராசாத்தி தரையில் உட்கார்ந்து, ஓரத்தைப் பல்லால் கடித்து, துணியைச் சாண் சாணாகக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார். காவலர் சற்று நேரம் பார்த்தார். பிறகு அவரும் குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். என் பிரசங்கம் அதோடு முடிந்தது... வெட்கமாகவும் இருந்தது. துண்டுகள் உள்ளே போயின.

தங்கையைப் பார்த்துவிட்டு வந்த ராசாத்திக்குக் கண் கலங்கியிருந்தது.

"என்ன சொன்னா?"

"உள்ள இன்னும் எட்டுப் பேரு இருக்கறாங்களாமுங்க. அவங்களப் பாக்க யாரும் வரதில்லையாமா. அடுத்த வாரம் எல்லாருக்கும் சேத்திக் கொண்டான்னு சொல்றா."

விதி இருக்கிறது. ஸ்டாக் எப்போது வரும், யாருக்குத் தெரியும்? ராசாத்தியின் வீட்டில் கிழிக்கிற மாதிரி இன்னும் இரண்டு சேலைதான் இருக்கிறதாம்.