பெரிய மேளத்தின் பின்பக்கம்

யாசுவே அக்கா பயிற்சி மண்டபத்துக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் நேராகப் போவது பெரிய மேளத்தின் பின்பக்கத்துக்குத்தான். எங்களுக்கு வணக்கம் சொல்வதெல்லாம் அப்புறம். தோலின் மேல் வலது உள்ளங்கையை வைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு நடுவிரலால் ஒரு சுண்டு. "இன்னைக்கு இவன் மந்தமா இருக்கான். மழை வரும்" என்பார். வானொலியில் வெயில் என்று சொல்லியிருப்பார்கள். சில நாள் வானொலி ஜெயிக்கும், சில நாள் அக்கா ஜெயிப்பார். தோற்ற நாளில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

ஆள் உயரத்துக்குத் தாங்கியில் கிடத்திய மேளம் அது. இரண்டு முகம். முன் முகத்தில் நிற்பவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மனம் போனபடி அடிப்பார். கைதட்டல் அவருக்கு. பின் முகத்தில் நிற்பவர் ஒரே அடியை, ஏறாமல் இறங்காமல், பாய் விரிப்பது போல அவருக்குக் கீழே விரித்துக்கொண்டே போக வேண்டும். முன்னால் இருப்பவர் கையைத் தூக்கி முடிவுக் குரல் கொடுக்கும் வரை பின்னால் நிற்பவர் நிறுத்தக் கூடாது. மேளம் மறைப்பதால் அவர் யார் கண்ணிலும் பட மாட்டார். எங்கள் நகிஸா மேளக் குழுவில் முப்பது வருஷமாக முன் முகம் மினேகோ அக்காவுடையது, பின் முகம் யாசுவே அக்காவுடையது.

மேடை ஓரத்தில் பித்தளை மணி தட்டுவது என் வேலை. என் தோளுக்கு மேளம் ஒத்துவராது என்று சேர்ந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. யாசுவே அக்கா என் பெயரை மறந்துவிட்டாரோ என்னவோ, "ஏ மணி" என்றுதான் கூப்பிடுவார். ஓரத்தில் நிற்பதில் ஒரு லாபம் உண்டு. இரண்டு முகத்தையும் பார்க்கிற ஒரே ஆள் நான்தான்.

அக்காவுக்கு எழுபது நெருங்குகிறது. குட்டையான உருவம், ஒட்ட வெட்டிய நரைமுடி, நாலு விரலில் எப்போதும் வெள்ளை ஒட்டுநாடா. மீனை அரைத்து ஆவியில் வேகவைத்து அரைவட்டக் கட்டிகளாக விற்கும் ஆலையில் விடிகாலை முறை வேலை பார்க்கிறார். கட்டிகளை வெட்டும்போது மிஞ்சும் ஓரத்துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பயிற்சி இடைவேளையில் அதைத் தின்னாதவர்களை அவர் நம்புவதில்லை. ஆலையில் அவர் நடப்பதே மீன் அரைக்கும் இயந்திரத்தின் தாளத்துக்குத்தான் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். ஒரு நாள் இயந்திரம் பழுதாகி நின்றபோது அக்காவும் நடுவழியில் நின்றுவிட்டாராம். அவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

ஏன் பின்பக்கத்துக்குப் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பெரிய தத்துவம் வரும் என்று எதிர்பார்த்தேன். "நான் ஆலையில இருந்து லேட்டா வந்தேன். முன்னாடி ஆள் இருந்துச்சு. பின்னாடி காலியா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அது மேளம் வந்து இறங்கிய நாள். அதற்கு முன்னால் ஒரு வருஷம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து லாரி டயர்களைக் குச்சியால் அடித்துப் பழகியிருக்கிறார்கள். மினேகோ அக்காவின் முடிதிருத்தும் கடைக்குப் பின்னால்தான் பயிற்சி. உள்ளே முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர்கள் தலை அதிரத்தான் எழுந்து போவார்களாம். அந்த டயர்களில் ஒன்று இன்னும் மண்டபத்து மூலையில் கிடக்கிறது. யாசுவே அக்கா தேநீர் குடிக்க அதன் மேல்தான் உட்காருவார்.

இவரும் மினேகோ அக்காவும் பள்ளியில் ஒரே வகுப்பு. உயிர்த்தோழிகள் என்று நினைத்துவிட வேண்டாம். மினேகோ அக்காவுக்கு அதட்டல் குணம். கடை முதலாளி என்பதால் எல்லா இடமும் தன் கடை என்ற நினைப்பு. யாசுவே அக்கா அவரை "மொதலாளியம்மா" என்று கூப்பிடுவதில் மரியாதை துளிகூட இல்லை. வண்டியில் மேளம் ஏற்றுவதில் சண்டை, தலைக்கட்டுத் துணியின் நிறத்தில் சண்டை. ஒரு வருஷம் முழுக்க இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. அந்த வருஷமும் மேளத்தின் இரண்டு பக்கத்தில் நின்று அடித்தார்கள். ஒரு அடி பிசகவில்லை.

மண்டபச் சுவரில் ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாகப் படகு ஆணிகள். அவரவர் மேளக்குச்சியைத் துணிப்பையில் போட்டு அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். குழுவை விட்டுப் போகிறவர் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆணி அப்படியே இருக்கும். அதில் வேறு யாரும் மாட்டுவதில்லை. பலகையில் இப்போது காலி ஆணிகள்தான் அதிகம்.

இந்த வசந்தத்தில், முப்பதாவது வருஷம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடி, பழைய நிகழ்ச்சிகளின் படங்களைத் திரையில் போட்டுப் பார்த்தோம். கருப்பு முடிகள், இறந்துபோன கணவர்கள், மேடைக்குக் கீழே அழுகிற குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் ஒருத்திதான் இப்போது எங்கள் தலைவி சிஹோ. ஒவ்வொரு படத்திலும் மினேகோ அக்கா நடுவில், கை வானத்தில். யாசுவே அக்காவைத் தேடித் தேடிப் பார்த்தோம். மேளத் தாங்கிக்கு அடியில் இரண்டு வெள்ளைக் காலுறைகள் மட்டும் தெரிந்தன. எல்லாப் படத்திலும் அதே காலுறைகள். நாங்கள் சிரித்தோம். "நல்ல கால்தானே? அப்புறமென்ன" என்று அவர் மீன்துண்டை மென்றார்.

மினேகோ அக்கா சிரிக்கவில்லை. திரையில் தன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். போன குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அதற்குப் பிறகு பயிற்சியில் பாதிக்கு மேல் மூச்சு நிற்பதில்லை. உடம்பு விடுகிற வரை அடிக்கலாம், நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படம் முடிந்ததும் எழுந்து நின்று, கோடைத் திருவிழாவோடு தான் ஒதுங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஊரே பார்க்கும்போது பாதியில் நின்றுவிட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

சிஹோ எழுந்து அவருக்குத் தலை குனிந்து நன்றி சொன்னாள். பிறகு, இனி முன் முகத்துக்கு யாசுவே அக்கா வரட்டும், இத்தனை வருஷம் மறைந்து நின்றது போதும் என்றாள். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். நியாயமாகத்தான் பட்டது.

யாசுவே அக்கா டயரை விட்டு எழுந்திருக்கவில்லை. "எனக்கு அங்க வேலை இல்ல. இவங்களும் எங்கயும் போகல" என்றார்.

"நான் போறத நீ யாருடி சொல்றதுக்கு?" என்றார் மினேகோ அக்கா.

"நீங்க போயிட்டா நான் யாருக்கு அடிக்கிறது? செவுத்துக்கா?"

மினேகோ அக்கா கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த அவசரத்தில் தன் பையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து யாசுவே அக்காவின் தொல்லை தொடங்கியது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆலை வேலை முடிந்ததும், மீன் வாடை போகாத உடுப்போடு, முடிதிருத்தும் கடையின் பின்கதவைத் தட்டுவார். மினேகோ அக்காவை வெளியே இழுத்து, குன்றின் மேலிருக்கும் கோயில் படிகளில் ஏற்றிக்கொண்டு போவார். என் வீடு அந்தப் படிகளுக்குக் கீழேதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மினேகோ அக்கா திட்டுவது சன்னல் வழியாக வந்துவிடும். பிசாசு, ஈவிரக்கம் இல்லாதவள், என் வாடிக்கையாளர் காத்திருக்கிறார், என் முட்டி போச்சு. யாசுவே அக்கா முன்னால் போய்க்கொண்டே இருப்பார். திரும்ப மாட்டார், வேகத்தைக் கூட்ட மாட்டார், நிற்கவும் மாட்டார். ஒரு நாள் அவர் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"திட்டுறதுக்கு மூச்சு இருக்குல்ல. அப்ப அடிக்கிறதுக்கும் இருக்கும்."

கோடை வர வர படிகளில் திட்டு குறையவில்லை. ஆனால் அது மேல்படியிலிருந்து கேட்கத் தொடங்கியது.

திருவிழாவுக்குத் துறைமுகத்து மேடையில் நல்ல கூட்டம். ஏறுவதற்கு முன்னால் சிஹோ என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மினேகோ அக்கா தடுமாறினால் தான் கையை அசைப்பதாகவும், நான் உடனே முடிவு மணியைத் தட்ட வேண்டும் என்றும் சொன்னாள். மணி கேட்டால் மேளம் நின்றுவிடும். ஆட்டம் அங்கேதான் முடிகிறது என்று கூட்டம் நினைத்துக்கொள்ளும், அக்காவுக்கு அவமானம் வராது. நல்ல ஏற்பாடு. யாசுவே அக்காவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றாள்.

மினேகோ அக்கா அன்று அடித்தது, படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அது அவருடைய அடிதான். பாதி தாண்டிற்று. அப்புறம் கை இறங்கியது. ஒரு அடி தோலின் விளிம்பில் பட்டு வழுக்கியது. அடுத்த அடி வரவேயில்லை. குச்சிகள் இரண்டும் தொடையோரம் தொங்க, தோலுக்கு மிக அருகில் நெற்றியைக் கொண்டுபோய் நின்றுவிட்டார். அவர் முதுகு ஏறி ஏறி இறங்கியது. எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது.

மேடைக்குக் கீழே சிஹோ கையை அசைத்தாள். நான் மணியைத் தூக்கினேன். தூக்கியபடி பின்பக்கம் பார்த்தேன். யாசுவே அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையோ முன்பே யூகித்திருக்க வேண்டும். கை நிற்காமல், வாயைத் திறக்காமல், தலையை மட்டும் இடமும் வலமும் ஒருமுறை ஆட்டினார். அந்தப் பார்வைக்கு எதிராக மணி தட்ட எனக்குத் தைரியம் இல்லை. சிஹோ மறுபடி அசைத்தாள். நான் பார்க்காதது போல நின்றேன்.

பின்பக்கத்து அடி மாறியது. முப்பது வருஷமாக மாறாத அடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நிதானமாகி, ஒரு வேகத்தில் நிலைத்தது. எங்கேயோ கேட்ட வேகம் என்று பட்டது. எங்கே என்று பிடிபட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் சன்னலுக்கு வெளியே தினமும் படியேறிய கால்களின் வேகம் அது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நிற்பதும் இல்லை. மினேகோ அக்காவுக்கு அது என்னைவிட முன்னால் புரிந்திருக்கும். நெற்றியை விலக்கினார். வாய்க்குள் ஏதோ சொன்னார். நிச்சயம் திட்டியிருப்பார். பிறகு கையைத் தூக்கினார். ஒன்று. அடுத்த படியில் இன்னொன்று. கடைசிப் பகுதிக்கு வந்தபோது இரண்டு கையும் தலைக்கு மேலே போயிருந்தன. அவர்தான் முடிவுக் குரல் கொடுத்தார். அதற்கப்புறம்தான் பின்பக்கம் நின்றது.

கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நடுவில் மௌனமாக நின்ற அந்த இடத்தில்தான் தனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று மீன் சங்கத் தலைவர் வந்து மினேகோ அக்காவிடம் சொன்னார்.

மறுநாள் காலை சாமான்களைத் திரும்ப அடுக்க மண்டபத்தில் கூடினோம். மினேகோ அக்கா நன்றாக உடுத்தி, தலைவாரி வந்திருந்தார். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து விடைபெற்றார். சொன்னால் சொன்னதுதான், நேற்றைப்போல முடிவதே மரியாதை என்றார். ஆணியிலிருந்து தன் துணிப்பையை எடுத்துக் கைப்பைக்குள் செருகினார். குச்சிகளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

யாசுவே அக்கா மேளத்தின் பின்பக்கத்தில், தோலில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தார். நடுவிரலால் ஒருமுறை சுண்டினார். பிறகு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், மினேகோ அக்காவின் கைப்பைக்குள் கையை விட்டு, சீப்பையும் கத்தரிக்கோலையும் ஒதுக்கி, குச்சிப் பையை உருவினார். பலகையருகே போனார். தன் ஆணியிலிருந்து தன் பையை இறக்கினார். மினேகோ அக்காவின் பையை அந்த ஆணியில் மாட்டி, தன்னுடையதை இறக்காமல் அதை எடுக்க முடியாதபடி, மேலே தன் பையை மாட்டினார்.