மணியம் அண்ணனின் சாட்சிக் கட்டம்

மணியம் அண்ணன் இறந்துவிட்டார் என்று, விலங்கு பார்க்கப் போகிற நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. முந்தின வாரம்தான் கோலா சிலாங்கூரில் என் டீக்கடைக்கு வந்து தே தாரிக் குடித்துவிட்டு, "பால மாத்திட்டீங்களா பாய்? ருசி வேற மாதிரி இருக்கே லா" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வீட்டுக்குப் போன் போட்டு அண்ணி அழுததைக் கேட்ட பிறகுதான் கல்லாவை விட்டு எழுந்தேன். எதையும் உடனே நம்பாத பழக்கம் அவரிடமிருந்து எனக்குத் தொற்றியது.

ரவாங் தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்புகிற வேலை அவருக்கு. குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய கண். லீவு கிடைத்தால் அந்தக் கண்ணோடுதான் காட்டு விலங்குகளைப் பார்க்க நாடு நாடாகப் போவார். பல முறை நானும் கூடப் போயிருக்கிறேன். சபா மாநிலத்தில் ஆற்றோர மரத்தில் ஓராங் உத்தான் ஒன்று நிதானமாக உட்கார்ந்திருந்தது. எல்லாரும் படம் எடுக்க, இவர் மட்டும் மரத்தடியில் யாராவது வாழைப்பழம் போட்டிருக்கிறார்களா என்று தேடினார். கென்யாவில் வழிகாட்டி வாக்கி டாக்கியில் விசாரித்து, எங்களை நேராகச் சிங்கத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். "காட்டுனதெல்லாம் பார்த்ததாயிடுமா பாய்?" என்றார் அண்ணன். அந்தச் சிங்கம் அவர் நோட்டில் ஏறவேயில்லை.

நோட்டில் மூன்று கட்டங்கள்: விலங்கு, இடம், சாட்சி. கூட நின்று இன்னொருவர் பார்த்திருந்தால்தான் சேர்த்தி. "என் கண்ண நானே நம்ப மாட்டேன்" என்பார்.

போன வருடம் ஒரு காலை, சுங்கை செம்பிலாங் பக்கம் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் தட்டைத்தலைப் பூனையைப் பார்த்ததாக வந்து சொன்னார். உலகம் சுற்றுகிறவர்களும் தேடி அலைகிற அபூர்வமான பூனை அது. தனியாகப் போயிருந்தார். "தண்ணிக்குள்ள மூஞ்சிய உட்டு மீன் புடிக்குது பாய். காது இத்துனூண்டு. ஒடம்புல புள்ளியே இல்ல."

"போட்டோ இருக்கா?" என்றேன்.

இல்லை. "அப்ப நனைஞ்ச சிறுத்தைப்பூனையா இருக்கும் லா. தோட்டம் பூரா அதானே திரியுது" என்று கடையில் எல்லார் முன்னாலும் சிரித்தேன். குழுவிலும் எழுதினேன், நீங்களும் சிரித்தீர்கள். அவர் கோபப்படவில்லை. "சந்தேகப்படுறது சரிதான். ஒரு தடவ கூட வந்து பாருங்க" என்றார். மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் கடையைக் காரணம் சொன்னேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கருமக்கிரியை முடிந்த பிறகு அண்ணி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். மனுஷன் அந்தப் பூனையைக் கமுக்கமாகக் கணக்கில் சேர்த்திருப்பார் என்ற சந்தேகத்தோடுதான் புரட்டினேன். தட்டைத்தலைப் பூனை, செம்பிலாங் வாய்க்கால் என்று பென்சிலால் எழுதியிருந்தார். சாட்சிக் கட்டம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் விடிந்ததும் அந்த வாய்க்காலுக்குப் போனேன். நம்பிப் போகவில்லை. அவர் தப்பாகத்தான் பார்த்தார் என்று தெரிந்துவிட்டால் என் மனம் கொஞ்சம் ஆறும் என்று போனேன். போன ஞாயிறு அது வந்தது. சின்னக் காது, புள்ளியில்லாத உடம்பு. தலையைக் கழுத்துவரை தண்ணீருக்குள் விட்டு மீனோடு எடுத்தது. நான் போனை எடுப்பதற்குள் புல்லுக்குள் போய்விட்டது.

குழுவில் எழுதினேன். "போட்டோ இருக்கா பாய்?" என்று கேட்டீர்கள்.

இல்லை. அவருடைய நோட்டு இருக்கிறது. சாட்சிக் கட்டத்தில் என் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டேன். இருவரும் சேர்ந்து நின்று பார்க்காதது எப்படிச் சேரும் என்று கேட்கக்கூடியவர் அண்ணன் ஒருவர்தான். அவர் வந்து, "இது செல்லாது பாய்" என்று அதை அடித்துவிட மாட்டாரா என்று இருக்கிறது.