தஹஜ்ஜத்துக்காகத் தூங்கிய அரை மணி நேரம்

வேலை நேரத்தில் தூங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனி. அங்கே விறகு போட்டு எரிக்கிற ஒரு பழைய பாய்லரில் எனக்கு வேலை. என்னோடு இன்னொருவன், ஆரம்பாக்கத்துக்காரன், என் வயதுதான். தீயைப் பார்ப்பது அவன் பொறுப்பு. கண்ணாடிக் குழாயில் தெரிகிற தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது என் பொறுப்பு. கோட்டுக்குக் கீழே இறங்கினால் பம்பைப் போட வேண்டும், ஏறியதும் நிறுத்த வேண்டும். தானாக ஓட வேண்டிய பம்ப் கெட்டுப்போய் வெகு நாளாகிறது. தண்ணீர் இல்லாமல் தீ மட்டும் எரிந்தால் பாய்லர் வெடித்துவிடும். பக்கத்தில் நிற்பவன் வீட்டுக்குப் போய்ச் சேர மாட்டான்.

இரண்டு பேரும் கான்ட்ராக்ட், இரண்டு பேருக்கும் வருஷக்கணக்காக நைட் ஷிப்ட். பகலில் பாய்லர் பார்த்தவர் ரிட்டயர் ஆனபோது ஒரு பர்மனென்ட் இடம் காலியானது. உங்களில் ஒருத்தருக்குத்தான், மாசக் கடைசியில் சொல்கிறோம் என்றார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கான்ட்ராக்ட் ஆளை எந்தக் காலையிலும் கேட்டுக்கு வெளியே நிறுத்தலாம். என் மனைவி அந்தப் பயத்தோடுதான் தினமும் கதவைத் திறப்பாள். அந்த இடம் எனக்கு வேண்டும், எப்படியாவது வேண்டும்.

அப்போதுதான் தஹஜ்ஜத் தொழ ஆரம்பித்தேன். இரவின் கடைசிப் பங்கில், ஊரே தூங்கும்போது எழுந்து கேட்கிறவனை இறைவன் வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்று சின்ன வயதில் மதரஸாவில் கேட்டது மனதில் இருந்தது. அங்கேயே கேட்ட இன்னொன்றும் இருந்தது. தூங்கி எழுந்து தொழுதால்தான் அது தஹஜ்ஜத். நைட் ஷிப்ட்காரன் எங்கே போய்த் தூங்குவான்? நானும் ரொம்ப புத்திசாலி மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"மூணு மணிக்கு முன்ன ஒரு அரை அவுரு கண்ண மூடிக்கிறேன்பா. தொழுவறதுக்கு அப்படித்தான் இருக்கணும். நீ கொஞ்சம் தண்ணியப் பாத்துக்கிறியா?" என்று அவனிடம் கேட்டேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு பாய் இம்மா இழுக்கற? போய்ப் படு. சாமி விஷயம், நான் பாத்துக்கிறேன்" என்றான்.

தண்ணீரில் கலக்கும் உப்பை மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார்கள். அதற்குப் பின்னால் அட்டையை விரித்துப் படுப்பேன். செல்போன் அதிர்ந்ததும் எழுந்து, எண்ணெய்ப் பிசுக்கு பேண்டைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து துவைத்த கைலியைக் கட்டிக்கொண்டு, குழாயடியில் கை, கால், முகம் கழுவி ஒளு செய்வேன். ரக்அத் என்கிற சுற்று இரண்டிரண்டாக எட்டு, முடிவில் ஒற்றைப்படையாக வித்ரு மூன்று. அவசரப்படாமல் ஓதவேண்டிய தொழுகை அது. எனக்குத் தெரிந்த நீளமான குர்ஆன் சூராக்களை அதற்கென்றே வைத்திருந்தேன். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்ததும் மனதுக்குள் ஒரே பேச்சு. யா அல்லாஹ், அந்த இடத்தை எனக்குக் கொடு. மூட்டைக்கு அந்தப் பக்கம் என் வேலையையும் தன் வேலையையும் சேர்த்து ஒருத்தன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்துக்குக் காத்திருந்த மற்ற ஆள் அவன்தான். இது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி. எழும்போதே நேரமாகிவிட்டது. அரக்கப் பரக்க ஒளு செய்துவிட்டு நின்றேன். இரண்டாவது ரக்அத்தில் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. பம்ப் சத்தம். இந்நேரம் ஒரு தடவையாவது ஓடியிருக்க வேண்டும். அவன் பார்த்துக்கொள்வான் என்று ஓதிக்கொண்டே போனேன். ருகூவில் குனிந்தபோதும் சத்தம் இல்லை. உயிருக்கு ஆபத்தென்றால் தொழுகையை முறித்துக்கொண்டு ஓடலாம், ஓடத்தான் வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறதே என்று ஸஜ்தாவுக்குப் போனேன்.  மனது கேட்பதை நிறுத்தவில்லை.

"எவன்டா இங்க? எங்கடா போய்த் தொலஞ்சீங்க?"

ஷிப்ட் இன்சார்ஜின் குரல். துள்ளி எழுந்து ஓடினேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியவில்லை. பதறிப்போய் பம்ப் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். அவர் என் கையில் ஓங்கி ஒன்று போட்டார்.

"அறிவிருக்கா? இப்ப தண்ணி விட்டா எல்லாரும் காலி! தீயப் புடுங்கு!"

எத்தனை வருஷ வேலை! காய்ந்து பழுத்த இரும்பில் தண்ணீர் விடக் கூடாது என்பது எனக்கே மறந்துபோனது. தீக்குக் காற்று ஊதும் காற்றாடியை நிறுத்தி, எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டோம்.  எது எப்போது வெடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

அந்த நேரத்தில்தான் என் கூட்டாளி விறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். விறகு தீர்ந்துவிட்டதாம். என்னை எழுப்ப வந்தவன், நான் தொழுகையில் நிற்பதைப் பார்த்து, கெடுக்க வேண்டாமென்று யார்டுக்கு ஓடியிருக்கிறான். வண்டிச் சக்கரம் சிக்கி நேரமாகிவிட்டது.

"தண்ணி பாக்க வேண்டியது யாரு?" என்றார் இன்சார்ஜ்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "அவரு பாத்ரூம் போனாரு சார். நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். மறந்து வெறகுக்குப் போய்ட்டேன். என் தப்பு சார்."

தொழுகைக்குக் கட்டிய கைலியோடு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்சார்ஜ் அவன் பெயரை எழுதிக்கொண்டார். காலையில் கேட்டில் அவனுடைய பாஸை வாங்கிக்கொண்டு வெளியே நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, பர்மனென்டுக்கு உன் பேரை அனுப்பியாச்சு என்றார்கள். கேட்டது கிடைத்துவிட்டது!

என் மனைவி அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்து, "ஏங்க, இன்னா இப்படிக் கல்லு மாதிரி உக்காந்துகினு கீறீங்க?" என்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன்.

 அவள் பெண்கள் மதரஸாவில் முறையாக ஓதியவள். கேட்டு முடித்ததும் ஒரு பிடி பிடித்தாள்.

"உங்கள யாருங்க தூங்கச் சொன்னது? முழிச்சிருக்கறவன் முழிச்சபடியே நின்னு தொழலாம். அதுவும் ராத்திரித் தொழுகதான், அதுக்கும் கூலி உண்டு. டூட்டி நேரம் அமானிதம், நம்பி ஒப்படைச்சது. அதத் திருடித் தூங்கி, அந்தத் தூக்கத்த வெச்சு அல்லாகிட்டப் போய் நின்னீங்களா? அந்த ஆளு ஊட்லயும் ஒருத்தி கதவத் தொறப்பா இல்ல?"

சுருக்கென்றது. அந்த இடம் போனால் அவளுக்கும்தான் போகும். அது தெரிந்துதான் சொன்னாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேனேஜர் அறை வாசலில் நின்றேன். தொழுதுகொண்டிருந்தேன் என்று சொன்னால் அவர் மனம் இளகலாம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதே சொல், எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய்வருகிற மற்ற நான்கு பேர் தலையிலும் விழலாம். அதோடு, தொழுகையா தப்பு செய்தது? செய்தது நான்.

"அன்னிக்கு நான் பாத்ரூம் போகல சார். தூங்கினேன். மூணு வாரமா தூங்கறேன். அவன் என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னான்."

"இன்னா பேசறன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்றார். தெரியும் என்றேன். பாஸைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். நான்கு நாளுக்குப் பிறகு அன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் என் கூட்டாளி எங்கள் வீட்டுக்கு வந்தான். அவனை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். பொய் சொன்னதற்கு எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த மாசத்திலிருந்து அந்தப் பகல் இடமும் அவனுக்கே என்று சொல்லிவிட்டார்கள், அதுவரை நைட் ஷிப்ட்தான். முதலில் என்னைத் திட்டித் தீர்த்தான். "உன்ன எவன்யா போய் ஒளறச் சொன்னது? எனக்கு வேற எங்கனா வேலை கெடைக்காதா? நீ இன்னா பண்ணுவ இப்போ?" வல்லூர் பக்கம் அனல்மின் நிலையத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். என் மனைவி டீ கொடுத்தாள். பாதி குடித்த பிறகு அவன் கோபம் இறங்கியது.

"ஆனா உங்க தொழுகைக்கு ஒரு சக்தி கீதுபா. எனக்கே கெடச்சிருச்சு பாரேன். ராத்திரி ராத்திரி எனக்கும் சேத்துதான வேண்டிக்கினு இருந்த?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் சந்தோஷமாகப் போயிருப்பான். 

"இல்லப்பா" என்றேன். "ஒரு நாள்கூட கேக்கல. எனக்கு மட்டுந்தான் கேட்டேன்."

 அவன் மிச்ச டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தான். டூட்டிக்கு நேரமாகிறது என்று என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.