நிறுத்தாமல் போன மாலை

காரைக்காலில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரு மாலை, நெரவியில் சவாரியை இறக்கிவிட்டு மழையில் திரும்பும்போது, சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டேன். அவர் வாய்க்காலோரம் விழுந்து கூப்பிட்டார். நான் நிறுத்தவில்லை.

அவர் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாக மறுநாள் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு சர்ச்சில் ஞாயிறு பூசையின்போது, அந்தப் பாவத்தோடு, சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்க என்னால் எழுந்து போக முடியவில்லை. மனைவி கேட்டபோதெல்லாம் உடம்பு சரியில்லை என்று சமாளித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒருநாள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார், "ஆண்டவர்கிட்ட வந்துட்டீங்க. விழுந்தவர்கிட்ட இன்னும் போகலையே," என்றார்.

அன்று மதியமே விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் ஊன்றுகோல்.

"நான்தாங்க இடிச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். "நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டுச்சுங்க," என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "கேட்டிருக்காதுன்னுதாங்க இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."

உள்ளிருந்து வந்த அவர் மனைவி, "வெளிய போங்க," என்றார்.

அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். வழக்கு நடக்கிறது. ஈஸ்டருக்கு நன்மை வாங்கினேன். இப்போது அவரை வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு என் ஆட்டோவில்தான் கூட்டிப்போகிறேன். அன்று போகச்சொன்ன அவர் மனைவிதான், வேறு வண்டிக்குக் காசில்லாமல், வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். அன்றைக்குப் பிறகு அவர் மட்டும் இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.