கண்டியில் தாமசம்

நடுத்துளையில் இறங்கி, மேல்துளையில் ஏறி, கீழ்த்துளையில் இறங்கி, மறுபடி நடுத்துளையில் ஏறி ஒரு முடிச்சு. கைகள் ஊசியை அவசரப்படுத்தவில்லை. முடிச்சு விழுந்ததும் நூலை அரை அங்குலம் விட்டுக் கத்தரித்தன. ஒட்ட வெட்டினால் மூன்றாம் நாளே தையல் அவிழும். பயணமோ ஏழு நாள்.

ஒன்பது புத்தகம் முடிந்திருந்தது. பத்தாவதை எடுத்த கைகள் அதைத் திரும்ப வைத்துவிட்டுப் போனை எடுத்தன. ஒன்றும் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்தன.

ஞானபாய்க்கு ஐம்பத்து மூன்று வயது. பாறசாலையிலிருந்து காலை வண்டியில் திருவனந்தபுரம் வந்து, பழவங்காடி ஜங்ஷனில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கும் சிறிய டிராவல்ஸ் ஆபீசில் உட்காருவாள். டைப்பிங் ஹயர் பாஸானதை வைத்துத்தான் வேலைக்கு எடுத்தார்கள். டிக்கெட் அடித்துக்கொண்டிருந்தவள் புத்தகம் தைக்க ஆரம்பித்ததற்குக் காரணம், பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் கொழும்பு விமான நிலையத்தில் டிரைவரின் நம்பரைத் தொலைத்துவிட்டு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற ஒரு குழு. அடுத்த குழுவுக்கு எல்லாவற்றையும் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் ஸ்பைரல் போட்டாள். கம்பி சேலையில் மாட்டியது. பிறகு ஸ்டேப்ளர் அடித்தாள். மழையில் துருப்பிடித்துத் தாளில் கறை ஏறியது. அதற்குப் பிறகுதான் நூல்.

இலங்கைக்கு ஒரே ஒரு தடவை, ஆறு வருஷத்துக்கு முன், குழுவுக்குத் துணையாகப் போயிருக்கிறாள். சிகிரியாவில் மற்றவர்கள் பாறை ஓவியத்தைப் பார்த்தபோது அவள் கைப்பிடிக் கம்பி எந்த இடத்தில் முடிகிறது என்று பார்த்தாள். ‘தம்புள்ளைக் குகைக் கோவிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பதினொரு மணிக்கு மேல் பாறை சுடும், சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.’ ‘மின்னேரியாவில் யானை கிட்டே வந்தால் ஜீப்பில் எழுந்து நிற்காதீர்கள்.’ ‘பேராதனைப் பூங்காவில் பெரிய மரங்களில் கறுப்புப் பைகள் மாதிரித் தொங்குபவை வௌவால்கள். குடை பிடித்துக்கொண்டு கீழே நிற்கவும்.’ இப்படித்தான் அவள் எழுதுவாள். ஒவ்வொரு நாளின் அடியிலும் ‘தங்கல்’ என்று எழுதி, ஹோட்டலின் பெயர், போன் நம்பர், அறைக்கு எத்தனை படி என்பது வரை குறித்திருப்பாள்.

இந்தக் குழு திருவனந்தபுரத்திலேயே இருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து போகிறது. பதினாலு பேர், ஏழு ஜோடி. எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். நாளைக் காலை விமானம். இன்று மாலை ஆறு மணிக்குள் குழுத்தலைவர் பஞ்சாபகேசன் வீட்டில் புத்தகங்களைக் கொடுக்க வேண்டும். எல்லாப் பக்கமும் நிறைந்துவிட்டது, மூன்றாம் நாளின் அடி வரியைத் தவிர. கண்டி. ‘தங்கல்:’ என்று போட்டு, பெயர் வந்ததும் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருந்தாள்.

கண்டியில் தங்குவது முதலில் திட்டத்தில் இல்லை. பகலில் புத்தரின் பல் இருக்கும் கோவிலான தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு மலையேறி, நுவரெலியாவில் இரண்டு ராத்திரி இருப்பதாகத்தான் ஏற்பாடு. பன்னிரண்டு நாளுக்கு முன் பஞ்சாபகேசன் கூப்பிட்டார். மாளிகையில் சாயங்காலப் பூஜைக்கு மேளம் அடிப்பார்களாம், அதைக் கேட்க வேண்டுமாம். அது முடிந்து இருட்டில் மலைப்பாதை ஏறினால் அவர் மனைவி பாகீரதிக்குத் தலைசுற்றும். அதனால் அன்று ராத்திரி கண்டியிலேயே இருந்துவிட வேண்டும், எல்லாரும் ஒரே கூரையின் கீழ். ஞானபாய் அப்போது ரயிலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, அங்கே வேன் ஓட்டி அறையும் ஏற்பாடு செய்யும் மாத்தளை லிங்கத்துக்கு மெசேஜ் அனுப்பினாள். அவனும் உடனே பதில் போட்டான். ‘சரி அக்கா. சமாளிச்சுக்கலாம்.’

அந்தப் பதில்தான் காலையிலிருந்து அவளை நிம்மதியாகத் தைக்கவிடாமல் செய்தது.

“மேடம், சமாளிக்கதுக்கு இதுல என்ன இருக்கு? ரூம் போடணும், அவ்வளவுதானே?” என்றாள் ஞானபாய்.

ஷைலஜா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆபீஸ் அவளுடையது. ஞானபாயைவிடப் பத்து வயது சின்னவள், நெய்யாற்றின்கரைக்காரி.

“சேச்சி, அவன் வண்டி ஓட்டிட்டு கெடப்பான். சும்மா டென்ஷன் அடிக்கண்டாம்.”

“காலத்தே நாலு தடவை விளிச்சாச்சு. எடுக்கல்லியே.”

“அஞ்சாவது தடவை எடுப்பான். இல்லேன்னா, ‘அல்லது அதற்கு இணையான ஹோட்டல்’னு எழுதி விடுங்க. நம்ம நோட்டீஸ்ல அப்படித்தானே அடிக்கோம்?”

“நோட்டீஸ்ல அடிக்கலாம். இதுல நான் எழுத மாட்டேன்.”

“நீங்க எழுதுறது டூர் புக்கா, வேத புத்தகமா?” என்று ஷைலஜா சிரித்தாள்.

ஞானபாய் சிரிக்கவில்லை. தான் அனுப்பியதைத் தேடி எடுத்து வாய்விட்டுப் படித்தாள். ‘மூணாம் நாள் கண்டியில் தாமசம் உண்டு. பார்த்துக்கொள்ளவும்.’ படிக்கையில் தவறாக ஒன்றும் கேட்கவில்லை. கண்டியில் தங்க வேண்டும், அறை பார். வேறென்ன? விரல் தன்பாட்டுக்குப் பழைய மெசேஜ்களை நோக்கித் தள்ளிக்கொண்டே போனது. போன மாதத்துக் குழு. லிங்கம் அனுப்பிய படங்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு வரி.

‘நானுஓயா ட்ரெயின் ஒரு மணித்தியாலம் தாமசம் அக்கா.’

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். அவனுக்குத் தாமசம் என்றால் தாமதம். அவள் எழுதியது அவன் கண்ணுக்கு, ‘கண்டியில் தாமதமாகும், கவனம்’ என்று போயிருக்கிறது. அதற்குத்தான் சமாளிச்சுக்கலாம் என்று தைரியம் சொல்லியிருக்கிறான்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. காலண்டரைப் பார்க்கத் தேவையே இல்லை, புத்தகத்தில் அவளே எழுதியிருந்தாள்: ‘இன்று பௌர்ணமி. அங்கே இதைப் போயா என்பார்கள். பொது விடுமுறை. கோவிலில் கூட்டம் அதிகம், கைகோத்து நடக்கவும்.’ அந்தக் கூட்டமெல்லாம் கண்டியில்தான் ராத்தங்கும்.

ஒன்று பத்துக்கு லிங்கம் கூப்பிட்டான்.

“மன்னிச்சுக்குங்க அக்கா, மலையில சிக்னல் இல்ல. என்ன விஷயம்?”

“லிங்கம், சனிக்கிழமை ராத்திரி ஆளுங்களை எங்க கிடத்தப் போறீங்க?”

“நுவரெலியாவுலதான் அக்கா. ரெண்டு நைட்டும் அங்கதானே? கண்டியில லேட்டாகும்னு சொன்னீங்க, அதான் பூஜைக்கு நிக்காம மூணு மணிக்கெல்லாம் கெளம்பிரலாம்னு வச்சிருக்கேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

“உங்க ஊர்ல தாமசம்னா தங்குறதா அக்கா?”

“ஆமா.”

“அப்ப லேட்டா வந்தா என்ன சொல்லுவீங்க?”

“அதுக்கும் தாமசம்னுதான்.”

“ஐயோ அக்கா!” லிங்கம் சிரித்தேவிட்டான். “பிறகு எதுன்னு எப்படித்தான் கண்டுபிடிப்பீங்க?”

“நாங்க கண்டுபிடிச்சிருவோம். இப்ப நீங்க ஏழு ரூம் கண்டுபிடியுங்க.”

சிரிப்பு நின்றது. “போயா அக்கா. கண்டி டவுன்ல ஏழு ரூம் நினைக்கவே முடியாது. பார்க்கிறேன்.”

ஷைலஜா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. “சேச்சி, பழைய பிளான்லயே விடலாம். மூணு மணிக்கு மலையேறட்டும். அங்க போனபிறகு லிங்கமே அவங்ககிட்ட பக்குவமா சொல்லிக்குவான். புக்குல மட்டும் ‘இணையான’னு போட்டா மதி, அது போதும்.”

“அவரு கேட்டதே அந்த மேளத்துக்கு வேண்டித்தான் மேடம்.”

“அதுக்கு இப்ப என்ன செய்ய முடியும்?”

ஞானபாய் தைத்து முடித்திருந்த ஒன்பது புத்தகங்களையும் முன்னால் இழுத்து வைத்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். எப்படியானாலும் மூன்றாம் நாள் தாள் மாறத்தான் போகிறது. அடியில் ஒரு வரி எழுதிச் சரிசெய்கிற நிலையைத் தாண்டிவிட்டது. நூலை உருவும்போது தாளில் துளை பெரிதாகாமல் உருவ வேண்டும். அவசரமாக இழுத்ததில் இரண்டாவது புத்தகத்தின் அட்டை கிழிந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். டிபன் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

இரண்டே காலுக்கு லிங்கம், “ஒரு இடத்துல நாலு ரூம் இருக்கு, டவுனுக்கு வெளிய,” என்றான். இரண்டரைக்கு அது போய்விட்டது. மூன்று மணிக்கு மாத்தளையில் லிஃப்ட் வைத்த ஹோட்டலில் ஏழு அறை இருப்பதாகச் சொன்னான். ஆனால் அது வந்த வழியே ஒரு மணி நேரம் திரும்பிப் போவது. விடிந்ததும் அதே நெரிசலில் மறுபடி கண்டியைக் கடக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. “அரை மணி நேரம் பிடிச்சு வையுங்க, விடாதீங்க,” என்றாள்.

மூன்றரைக்கு மறுபடி அவன். கண்டியை ஒட்டிய பேராதனைப் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரே ரோட்டில் இரண்டு தங்கும் வீடுகள். ஒன்றில் நாலு அறை, இன்னொன்றில் மூன்று.

“ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?”

“பக்கம்தான் அக்கா.”

“பக்கம்னா?”

“ஒரு ஏழெட்டு வீடு தள்ளி.”

“ரோட்டைக் கடக்கணுமா?”

“வேணாம். ஒரே பக்கம்.”

“படி?”

“கேட்டுச் சொல்றேன்.” சொன்னான். முதல் வீட்டில் எல்லா அறையும் மாடியில், பதினெட்டுப் படி. இரண்டாவதில் ஒன்று மட்டும் கீழே.

“அந்தக் கீழ் அறையில பாகீரதி அம்மா பேரை எழுதச் சொல்லுங்க. எழுதின நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு வீட்டு நோட்டும்.”

“அக்கா, சொன்னா சொன்னதுதான், அவங்க மாற மாட்டாங்க.”

“நானும் உங்ககிட்ட சொன்னதுதான் லிங்கம். சொன்னதை ஒருக்கா எழுத்துல பார்த்துக்கிடுதேன்.”

நாலு ஐம்பதுக்குப் படங்கள் வந்தன. நீலக் கோடு போட்ட நோட்டு, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஏழு அறை, பதினாலு பெயர். ஒரு பெயரில் எழுத்து தப்பாக இருந்தது. இப்போது அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. மூன்றாம் நாள் தாளைப் புதிதாக அடித்து, பதினாலு பிரதி எடுத்து, மடித்து, தைக்கத் தொடங்கினாள். ஷைலஜா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து, தாள்களில் துளை போட்டுக் கொடுத்தாள்.

ஆறரைக்கு ஸ்ரீவராகத்தில் ஆட்டோ நின்றது. பஞ்சாபகேசன் வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே கூடத்தில் பெட்டிகள் வரிசையாக நின்றன. பாகீரதி ஒரு பெட்டியின் மேல் முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கோ வாங்கோ. ஆறு மணின்னு சொன்னேள், ஏதாவது ஆபத்தோன்னு மனசுல விசாரிச்சுண்டிருந்தேன்,” என்றார்.

ஞானபாய் பையைத் திறக்காமல் நின்றாள். “சார், முதல்ல ஒண்ணு சொல்லணும். கண்டியில எல்லாருக்கும் ஒரே இடம் கிடைக்கல்ல. ரெண்டு வீடு. தப்பு என்னோடது. நான் அங்கத்தெ ஆளுக்கு மெசேஜ் அனுப்பினதுல தாமசம்னு எழுதிட்டேன். அவன் லேட்டாகும்னு எடுத்துக்கிட்டான். இன்னைக்கு மத்தியானந்தான் தெரிஞ்சுது.”

பஞ்சாபகேசன் நெற்றியைச் சுருக்கினார். “ஒரே இடம்னு நான் பன்னெண்டு பேர்கிட்டே வாக்குக் கொடுத்திருக்கேனே.”

“தெரியும் சார்.”

“இதுல என்ன தப்புன்னே எனக்குப் புரியலை. தாமசம்னா தங்கறதுதானே? வேற எப்படி எழுதுவா?”

“அதானே,” என்றாள் பாகீரதி. “நீங்க போன்ல சொன்னதே அதுதானே? ‘கண்டியில ஒருநாள் தாமசம் வேணும்’னு தெருவுக்கே கேக்கறாப்பல சொன்னேள். பாவம், அவ அதை அப்படியே எழுதியிருக்கா.”

பஞ்சாபகேசன் மனைவியைப் பார்த்தார். ஞானபாய் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

“ரெண்டு ஆத்துக்கும் எவ்வளவு தூரம்?” என்று பாகீரதி கேட்டாள்.

“ஏழெட்டு வீடு. ஒரே பக்கம், ரோட்டைக் கடக்க வேண்டாம். உங்களுக்குக் கீழ் அறை, படி இல்ல.”

“அதாக்கும் காரியம். இங்கே மட்டும் பதினாலு பேரும் ஒரே ஆத்துலயா தூங்கறோம்? நம்மகூட வர்ற சேஷன் ஆத்துக்கு இதைவிடத் தூரம்.” கணவர் பக்கம் திரும்பினாள். “பன்னெண்டு பேர்கிட்டேயும் நான் சொல்லிக்கறேன். நீங்க சொன்னா வேற அர்த்தமாப் போயிடும்.”

பஞ்சாபகேசன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வேறு பக்கம் திரும்பினார். பிறகு ஞானபாயிடம் கேட்டார்: “மேளம் உண்டோ?”

“உண்டு சார். பூஜை முடிஞ்ச பிறகுதான் வேன் எடுப்பான். லிங்கம்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். எழுதியும் அனுப்பியிருக்கேன்.”

“எப்படி எழுதினேள்?”

“‘பூஜை முடியும்வரை காத்திருக்க வேண்டும். ராத்திரி பேராதனையில் தங்க வேண்டும். ஏழு அறை.’”

அவர் தலையசைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். ஞானபாய் பையிலிருந்து பதினாலு புத்தகங்களையும் எடுத்து, முதுகுகள் ஒரே பக்கம் இருக்கும்படி ஒரு தட்டுத் தட்டிச் சேர்த்து, அவர் கையில் வைத்தாள்.