இளைப்பு இல்லீங்க என்று சொன்ன நாள்

டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். "குடும்பத்துல யாருக்காச்சும் இளைப்பு இருக்குங்களா?" ஒன்றரை வயது மகள் என் மடியில் கர்கர்ரென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். நான் பட்டென்று, "இல்லீங்க" என்றேன்.

பச்சைப் பொய். பத்து வயதுவரை நானே மூச்சு இரைக்கும் இந்த இளைப்போடுதான் வளர்ந்தேன். பிறந்த ஊரான சேவூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அம்மா எல்லார் வாயையும் அடைத்துவிட்டாள். இளைப்புக்காரப் பெண் என்று பேர் வந்துவிட்டால் எவன் கட்டுவான் என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

கணவருக்கு நல்லூரில் பத்து மெஷின் வைத்த தையல் கம்பெனி. கீழே கம்பெனி, மேலே வீடு. நான் கீழே, தைத்த பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று செக்கிங் பார்ப்பேன். மேஜைக்குப் பக்கத்திலேயே மகளுக்குத் தூளி. சொந்தக் கம்பெனி பனியன் துணியில் கட்டிய தூளி, வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணி அடைத்த தலையணை. அதில் எனக்குப் பெருமை வேறு! அவள் தலைமுடியில் ஒட்டிய பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு முத்தம் கொடுப்பேன். என் புத்தியை எங்கே அடகு வைத்திருந்தேனோ!

என்னோடு செக்கிங் பார்த்தவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. என்னைவிடச் சின்னவள், வாய் கொஞ்சம் நீளம். டாக்டரிடம் போய் வந்த மறுவாரம் ஒரு நாள் மகளின் முழங்கை மடிப்பை விரித்துப் பார்த்தாள். சொறிந்து சொறிந்து சிவந்திருந்தது.

"யக்கா, இந்தக் கரப்பான் எப்பலேருந்து இருக்கு?"

"நாலஞ்சு மாசமா இருக்குது."

"சளி புடிச்சா நெஞ்சுல விசில் கேக்குல்லா? எம்பிள்ளைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வீட்ல யாருக்கும் இளைப்பு உண்டாக்கா?"

கையிலிருந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஓட்டை ஒன்றும் இல்லை.

"ஒங்களுக்காக்கா?"

"உன்ற வேலையப் பாரு!" என்று எரிந்து விழுந்தேன். அவள் அசையவில்லை.

"திட்டுங்க, பரவால்ல. நானும் மாமியாருக்குப் பயந்து எனக்கிருந்ததச் சொல்லாமத்தான் இருந்தேன். பிள்ளைக்கு உதடு நீலம் பாரிச்சு, தூக்கிட்டு ஓடுனதுக்கப்புறந்தான் சொன்னேன். நீங்க அதுவரைக்கும் விட்ராதீங்க."

அன்று சாயங்காலமே கணவரிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் வண்டிச் சாவியை எடுத்தார். "டாக்டர்கிட்டச் சொல்ல வேண்டியத எங்கிட்டச் சொல்லி எதுக்கு அழுவற? புள்ளையத் தூக்கு, போலாம்." அந்த மனுஷனை அன்றைக்குப் பிடித்ததுபோல் கல்யாணத்தன்றுகூட எனக்குப் பிடித்ததில்லை.

டாக்டர் திட்டவில்லை. "கரப்பான், சளி வந்தா விசில், அம்மாவுக்கு இளைப்பு. மூணும் சேந்தா கவனமா இருக்கோணுங்க. ஆஸ்துமா வந்தே தீரும்னு சொல்லலீங்க. முன்னாடியே தெரிஞ்சா புள்ள அவஸ்தைப்படாது." பஞ்சுத் தூசி ஆகவே ஆகாது என்றார். அன்றே தூளி மாடிக்குப் போனது, தலையணை குப்பைக்குப் போனது. குழந்தை முகத்தில் மாட்டி மருந்தை மூச்சோடு இழுக்க வைக்கும் குப்பியை அழாமல் மாட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அந்தத் தூத்துக்குடிக்காரிதான். அவளுக்கு நான் நன்றி சொல்லப் போனால், "அதெல்லாம் வேண்டாம், டீக்குச் சொல்லுங்க" என்பாள்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. ஆஸ்துமா வரத்தான் செய்தது. ஆனால் ஒரு நாள்கூட அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆகவில்லை. பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள்.

போன மாதம் புதிய டாக்டர் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "எங்கம்மாவுக்குச் சின்னதுல இளைப்புங்க. அம்மாகிட்ட இருந்துதான் எனக்கு வந்துச்சுங்க. மூக்கும் அம்மா மூக்குதானுங்க."

வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"ஆமாங்க" என்றேன்.