அம்மாவுக்குச் சுடாது

அம்மா போன மாதம் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் கடைசிவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் பிடித்திருந்தது அவளுக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு எட்டு வயதில் அவள் காசிமேட்டில் ஓர் இறால் கம்பெனியில் வேலை செய்தாள். கப்பலேறும் இறாலைத் தரம் பிரிக்கும் டேபிள் அவளுடையது. லேசாக நைந்த இறாலைக் கண் பார்ப்பதற்கு முன்னே விரல் கண்டுபிடித்துவிடும். மற்ற கம்பெனிகளின் சரக்கு வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும். எங்களுடையது வராது. எங்களுடையது என்றுதான் சொல்வோம், ஏதோ அதில் பங்கு வைத்திருப்பதுபோல.

நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. அவ்வப்போது கையை நனைத்துக்கொள்ள ஒரு பக்கெட் வெந்நீர் கேட்டார்கள் பெண்கள். கேஸ் செலவு என்றார் ஓனர். "அவரு வூட்டு நாய்க்கு வெந்நில குளியலு, நமக்கு ஐஸு" என்று ஓர் அக்கா சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம்.

அம்மாவின் விரல்கள் மரத்துப்போயின. வெளியே தெரிந்தால் டேபிள் போய்விடும், பாதிக் கூலிக்குத் தரை கழுவ வேண்டும். முகர்ந்து பார்த்தே சமாளித்திருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, அவள் கொதிக்கும் சோற்றுப்பானையை வெறுங்கையால் இறக்குவது மட்டும்தான்.

லீவு நாளொன்றில் அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். சூப்பர்வைசர் அண்ணன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, இதுக்கே இப்டி ஊதிகினு கீற? எங்கம்மா கொதிக்கிற பானையவே வெறுங்கையால தூக்கும். அதுக்கு சுடவே சுடாது."

பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் எழுந்துபோய் கிளாஸை அம்மாவிடம் நீட்டினார்.

"இத்த கொஞ்சம் புடிக்கா."

அம்மா பிடித்தாள். சற்றுப் பொறுத்துத்தான், "ஸ்ஸ், சுடுதுபா" என்றாள்.

"எத்தினி நாளாக்கா இப்டி?"

அம்மா கிளாஸை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாளே டேபிளில் வேறொருத்தி. அம்மா கையில் துடைப்பம். சில மாதங்களில் அந்தக் கம்பெனி சரக்கும் திரும்பி வந்தது, மறுபடி வந்தது, கடைசியில் ஷெட்டையே பூட்டினார்கள். வேலைக்கு வருகிற பொம்பளைகளுக்குப் பொறுப்பில்லை என்று ஓனர் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். ஒரு பக்கெட் வெந்நீர் வைக்காத மனுஷன்.

டீ கிளாஸைப் பிடித்த அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா என்னைத் திட்டவில்லை. வண்டிக்கடையில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள், தனக்கு வேண்டாமென்றாள். அத்தனை பேர் முன்னால் அவளைப் பெருமையாகப் பேசினேனே, அதற்குத்தான் என்று நினைத்து, முழுவதையும் நானே தின்றேன்.